செவார்டியெல்லா டியூபரிஃபெரா

செவார்டியெல்லா டியூபரிஃபெரா என்பது மேற்கு இமயமலைப் பகுதியில் வளரும் அரிய ஈரலுருத் தாவரம் ஆகும். செவார்டியெல்லா பேரினத்தில் அறியப்பட்ட ஒரே இனம் இதுவே. இந்தியப் பிரையோபைட்டு ஆய்வின் தந்தை எனப்படும் சிவராம் காஷ்யப் 1915 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார்.

சூழலியல்

தமிழகத்து நெல்வயல்களின் ஈரமண்ணில் வளரும் ரிக்சியாவைப் போலவே இதற்கும் உண்மையான வேர்கள் இல்லை. மழைக்காலத்தில் பச்சை நிற உடலமாக மண்ணை ஒட்டிப் படரும். மழை நின்றபின் உடலம் காய்ந்துவிடும். மண்ணுள் புதைந்த சிறு கிழங்கு மட்டும் எஞ்சி, அடுத்த மழையில் முளைக்கும்.

பாதுகாப்பு

வாழிட இழப்பே இதன் முதன்மையான அச்சுறுத்தல் ஆகும். வறட்சியைத் தாங்கும் கிழங்கு, மண் அகற்றப்பட்டால் அம்மண்ணுடனேயே போய்விடும். வறண்ட மாதங்களில் வெறுமையாகத் தோன்றும் நிலத்திலும் இக்கிழங்குகள் உறங்கக்கூடும். எனவே செடியை மட்டுமன்றி, அது வளரும் மண்ணையும் ஆண்டு முழுவதும் காத்தல் இன்றியமையாதது.