வாலையின் மூக்கு

சிறு வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், பாட்டி முதலில் தேடுவது ஓமத்தண்ணீர் புட்டியைத்தான். மூடியில் ஊற்றித் தருவாள். தொண்டையில் சுருக்கென்று இறங்கும். ஓமத்தை ஊறவைத்து அடுப்பேற்றி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் கிடைப்பது அது. சித்த மருத்துவம் அதைத் தீநீர் என்கிறது. வடிக்கும் பாத்திரத்தை வாலை என்கிறது. பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும், ஆனால் ஓமத்தின் காரமும் மணமும் முழுக்க அதில் இருக்கும். ஜின் வடிப்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். தண்ணீரின் இடத்தில் சாராயம், ஓமத்தின் இடத்தில் ஜூனிப்பர் காய், கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல்.

புதுச்சேரியில், வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில் உள்ள கரிக்கலாம்பாக்கத்துக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. மணமுள்ள பொருளைச் சாராயத்தோடு சேர்க்கும் வழக்கம் இந்தப் பக்கம் எப்போதோ இருந்தது. பட்டைச் சாராயம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. அந்தப் பட்டை வெள்வேல மரத்தினுடையது. வெல்லத்தையோ பனைவெல்லத்தையோ கரைத்து, பட்டையைத் தட்டிப் போட்டு, பானையின் வாயைக் கட்டி வைத்தால் அதுதான் ஊறல். பட்டையிலுள்ள துவர்ப்பு, சாற்றில் மிதக்கும் புரதக் கசடைத் திரட்டிக் கீழே தள்ளும். ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கு 'வடிப்பவரின் வேலமரம்' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் பட்டை போடும் காரணத்தை விளக்கிக் கேட்டதில்லை. பட்டை போடாவிட்டால் சரக்கு சரியாக வராது என்பார்கள், அவ்வளவுதான்.

பெரியவர்கள் சொல்லக் கேட்டது இது. ஊறல் பக்குவமானதைக் கண்டுபிடிக்கப் பானையருகே காதை வைப்பார்களாம். உள்ளே பொரியும் சத்தம் அடங்கியிருந்தால் அடுப்பேற்றலாம். அடிப்பானையில் ஊறல், அதன்மேல் அடியில் துளையிட்ட இன்னொரு பானை, அதற்கும் மேலே குளிர்ந்த நீர் நிறைந்த சட்டி. ஆவி மேலேறிச் சட்டியின் அடிப்பக்கத்தில் பட்டுத் துளியாகி, நடுப்பானைக்குள் வைத்த ஏனத்தில் விழுந்து, குழாய் வழியே வெளியே வரும். இடுக்குகளைத் துணியும் களிமண்ணும் அடைக்கும். மேல்சட்டி நீர் சுட்டால் மாற்றவேண்டும். விறகைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கை வேண்டும். முதலில் இறங்குவதை ஒரு சொட்டு நெருப்பில் தெறித்து, நீலமாகப் பற்றுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு புட்டியைக் குலுக்கி, மேலே நிற்கும் நுரைமுத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். தெர்மாமீட்டரும் ஹைட்ரோமீட்டரும் இல்லாமல் காதும் கண்ணும் மூக்கும் மட்டுமே அளவுகோலாக இருந்த தொழில் அது.

அவர்கள் மூக்கால் செய்ததற்கு இன்று எண்கள் இருக்கின்றன. மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், எத்தனால் 78.4 டிகிரியில், தண்ணீர் 100 டிகிரியில். வாலையின் கலை முழுவதும் இந்த இடைவெளிகளுக்குள்தான் நடக்கிறது. முதலில் வருவதில் மூக்கைத் துளைக்கும் நெடி; அதை ஒதுக்க வேண்டும். கடைசியில் வருவதில் ஈரக்கந்தல் வாடை. அதற்குள் நிறுத்திவிட வேண்டும். நடுவில் வருவதுதான் சரக்கு. எந்தத் துளியில் வெட்டுவது என்பதை அறிந்தவரே கைதேர்ந்தவர். ஐரோப்பாவில் அந்த இடத்தில் நிற்பவருக்குத் தலைமை வடிப்பாளர் என்று பதவிப் பெயரும் கையெழுத்திடும் உரிமையும் உண்டு. நம் பக்கத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. பிடிபட்டால் வழக்கு மட்டும் உண்டு.

வழக்கு எங்கே, அனுமதி எங்கே என்பதை இந்த மண்ணில் எல்லைக்கோடு தீர்மானித்தது. சென்னை மாகாணத்தில் 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தக் கிராமங்களில் கடைகள் திறந்தே இருந்தன. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்த பிறகும், 1962 ஆகஸ்டு 16-ல் இணைப்பு சட்டப்படி முழுமையான பிறகும் அவை மூடப்படவில்லை. ஒரு வரப்பின் இந்தப் பக்கம் நின்று குடித்தவர் குடிமகன். அந்தப் பக்கம் நின்று குடித்தவர் குற்றவாளி. பிறகு வில்லியனூரை அடுத்த ஆரியப்பாளையத்தில் அரசுக்குச் சொந்தமான சாராய ஆலை வந்தது. கடைகள் ஏலத்துக்குப் போயின. எடுத்தவர் கிஸ்தி கட்டினார். சாராயக்கடைகளுக்கான சரக்கு அரசின் ஆலையிலிருந்து வந்தது. பட்டைக்கும் பானைக்கும் அங்கே வேலை இல்லை.

ஆலைச் சாராயத்தின் மூலப்பொருள் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப்பாகு. ஒரு டன் மொலாசஸிலிருந்து 220 லிட்டருக்குக் குறையாமல் ஆல்கஹால் எடுக்கலாம். வடிப்பது நெடிய தூண். 1830-ல் டப்ளினில் ஏனியஸ் காஃபி என்ற முன்னாள் கலால் அதிகாரி காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது அது. பானையை ஒவ்வொரு முறையும் காலிசெய்து நிரப்பவேண்டும். தூணுக்கு அது தேவையில்லை. ஒருபுறம் ஊறல் போய்க்கொண்டே இருக்கும், மறுபுறம் 95, 96 விழுக்காடு செறிவில் ஆல்கஹால் வந்துகொண்டே இருக்கும். மூலப்பொருள் கரும்பா தானியமா என்று முகர்ந்து சொல்லமுடியாத அளவுக்குத் தூய்மை. அந்தத் தூய்மை பெரிய லாபம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்றாக இருந்த வேலை அங்கேதான் இரண்டாகப் பிரிந்தது: சாராயம் எடுப்பவர் வேறு, அதற்கு மணம் தருபவர் வேறு. பானைக்காரர் இரண்டையும் ஒரே அடுப்பில் செய்தார்.

கழிவைப் பற்றியும் சொல்லவேண்டும். பானையின் அடியில் மிஞ்சியது ஒரு குடம். எருக்குழியில் கொட்டினால் தீர்ந்தது. ஆலையில் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை கரும்பழுப்புக் கழிவுநீர் வெளியேறும். அதைச் சுத்திகரிப்பது வடிப்பதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது.

பிரிந்துபோன அந்த இரண்டாவது வேலைக்கு இந்தியாவில் நீண்டகாலம் மதிப்பில்லை. மலிவு ஜின் என்றால் நடுநிலைச் சாராயம், ஜூனிப்பர் எசென்ஸ், கனிமம் நீக்கிய தண்ணீர், கலந்து 42.8 விழுக்காட்டுக்கு இறக்கிப் புட்டியில் அடைத்தால் முடிந்தது. வாலையே தேவைப்படவில்லை. கலப்பவருக்குக் கணக்கு தெரிந்திருந்தால் போதும், மூக்கு கட்டாயமில்லை.

மணம் தரும் வேலையை மூக்கை நம்பியே காப்பாற்றிவந்த இடம் ஒன்றுண்டு. லண்டனின் பீஃபீட்டர் நிறுவனத்தில் தலைமை வடிப்பாளராக இருந்த டெஸ்மண்ட் பெய்ன் ஜின் தொழிலுக்கு வந்தது 1967-ல். பிளிமத் ஜின்னில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1995-ல் பீஃபீட்டருக்கு வந்தார். மருந்தாளுநரான ஜேம்ஸ் பரோ 1860-களில் தொடங்கிய தொழில் அது. மருந்து வடித்த கையே ஜின்னும் வடித்தது என்பதை, ஓமத்தண்ணீர் குடித்து வளர்ந்த நான் குறித்துவைத்துக்கொண்டேன். அங்கே ஒன்பது பொருள்கள்: ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகாவின் வேரும் விதையும், ஓரிஸ் வேர், அதிமதுரம், பாதாம், செவில் ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல். இவை 24 மணிநேரம் சாராயத்தில் ஊறிய பிறகே வாலைக்குத் தீ. வடிந்து வரும்போது எலுமிச்சையும் ஆரஞ்சும் முந்திக்கொள்ளும். பின்னால் ஜூனிப்பரும் கொத்தமல்லியும். கடைசியில் வேர்களின் மண்வாசம். மண்வாசம் கனத்துவிடும் முன் நிறுத்தவேண்டும்.

பழைய பெயருள்ள நிறுவனத்தில் தலைமை வடிப்பாளரின் பெரும்பாடு எது என்று கேட்டால், மாறாமல் வைத்திருப்பதுதான் என்பேன். ஜூனிப்பர் காய் பழுக்க இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆகும். பச்சைக்காயும் நீலப்பழமும் ஒரே கிளையில் இருக்கும். தடியால் தட்டிக் கூடையில் பிடிப்பார்கள். ஓராண்டு மழை கூடும், மறு ஆண்டு குறையும், எண்ணெய் மாறும். ஆனால் புட்டியைத் திறப்பவருக்கு நாற்பது ஆண்டுக்கு முன் குடித்த அதே மணம் வேண்டும். அதற்காக இத்தாலி, மாசிடோனியா மலைகளிலிருந்து வரும் மாதிரிகளை ஒவ்வோர் ஆண்டும் முகர்ந்து பார்த்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்டுகிறார்கள். பெய்ன் தன் பெயரில் புதிதாக ஒன்றைச் செய்தது 2008-ல்தான்: தேயிலை சேர்த்த பீஃபீட்டர் 24. தொழிலுக்கு வந்து நாற்பது ஆண்டு கழித்து. நம் பானைக்காரருக்கு இந்தச் சுமை இருந்ததில்லை. இந்த ஊறல் காரம், போன ஊறல் துவர்ப்பு என்றுதான் குடிப்பவர்களும் பேசினார்கள்.

அன்று முகர்ந்தவரின் தலைக்குள் மட்டும் இருந்ததை இன்று கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி கோடுகளாக வரைந்து தருகிறது. பாம்பே சஃபையர் ஜின்னின் தலைமை வடிப்பாளராக 2017-ல் வந்த ஆன் பிராக், ஆக்ஸ்ஃபோர்டில் கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1999-ல் வந்த ஹெண்ட்ரிக்ஸ் ஜின்னை உருவாக்கிய லெஸ்லி கிரேசியும் வேதியியல் கற்ற பெண்தான்; அவர் பயன்படுத்தும் வாலைகளில் ஒன்று 1860-ஆம் ஆண்டினது. பெண்கள் அடுப்பருகே காலம் முழுதும் நின்ற தொழிலில், பெண் பெயர் புட்டியின் பின்னால் வர இவ்வளவு நாளாயிற்று. பாம்பே சஃபையரின் பத்துப் பொருள்களில் ஒன்று வால்மிளகு. நம் நாட்டு மருந்துக் கடையில் சளிக்குக் கேட்டு வாங்கும் அதே வால்மிளகு.

லண்டனில் 2009-ல் சிப்ஸ்மித் என்ற சிறிய நிறுவனம், சிறு வாலைக்கு உரிமம் கேட்டுப் போராடி வாங்கியது. அதற்குப் பிறகு உலகெங்கும் சிறிய செப்பு வாலைகள் மீண்டும் எழுந்தன. இந்தியாவில் அந்த அலை 2017-ல் கோவாவைத் தொட்டது: முதலில் கிரேட்டர் தேன் என்ற ஜின், அடுத்த ஆண்டு இமயமலை ஜூனிப்பரை வைத்து ஹபுசா. ஹபுஷா என்பது அந்தக் காய்க்கு ஆயுர்வேதத்தில் உள்ள பழைய வடமொழிப் பெயர். கோவாவின் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் 2020-ல் லண்டன் போட்டியில் மிக உயர்ந்த தங்கப் பதக்கம் பெற்றது. 2021-ல் பெங்களூரு அம்ருத் நிறுவனம் நீல்கிரிஸ் என்று நம் மலையின் பெயரையே சூட்டி ஒரு ஜின் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் வடிப்புக்குப் பொறுப்பானவர் அசோக் சொக்கலிங்கம். எசென்ஸ் புட்டியை ஒதுக்கிவிட்டு, பொருளையே ஊறவைத்து வாலையில் ஏற்றும் வழக்கம் இந்த நாட்டுக்குத் திரும்பியிருக்கிறது. அது கோவா வழியாகவும் பெங்களூரு வழியாகவும் வந்திருக்கிறது. வில்லியனூர் வழியாக வரவில்லை.

பழையதைப் பற்றி எழுதும்போது ஏக்கம் கண்ணை மறைக்கக்கூடாது. அந்தப் பானைகள் எத்தனை வீடுகளின் உலைப்பானையைக் கவிழ்த்தன என்பது இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். கள்ளச்சாராயம் 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது. 2023-ல் அந்தச் சாவுகள் விழுந்த எக்கியார்குப்பம் இங்கிருந்து தொலைவில் இல்லை. அங்கே மக்கள் குடித்தது யாரும் ஊறல் போட்டு வடித்ததல்ல. தொழிற்சாலைக்கான மெத்தனால் அது. வடிக்கத் தெரிந்தவர் ஒருவரும் அதற்கு நடுவில் இல்லை. முகர்ந்து பார்த்து ஒதுக்க ஒரு மூக்கும் இல்லை. லண்டன் ஜின்னுக்கு அடிப்படையாகும் சாராயத்தில், தூய ஆல்கஹால் நூறு லிட்டருக்கு மெத்தனால் 5 கிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குப்பம்தான் நினைவுக்கு வருகிறது.

போன மாதம் பாகூர் ஏரிப் பக்கம் போயிருந்தேன். கரையோரம் வெள்வேலம் ஒன்று வெளிர்ப்பட்டையோடு நின்றது. அடிமரத்தில் யாரோ கத்தி வைத்த பழைய தழும்பு, ஒரு கை அகலம். அதன்மேல் புதுப்பட்டை மூடிவிட்டிருந்தது. கூட வந்த பையனிடம் இது என்ன மரம் தெரியுமா என்றேன். "முள்ளு மரம், சித்தப்பா" என்றான். ஒரு துண்டு பட்டையைக் கிள்ளி அவன் கையில் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனான், பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, துவர்க்கிறது என்று முகம் சுளித்தான்.