கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விசா ஒத்திகை

வாங்க, செருப்பை அப்படி ஓரமாக விட்டுவிட்டு வாங்க. தி.நகரில் ஒரு விசா ஆலோசனை நிலையத்தின் பின்னறை இது. 'வெளியார் நுழையாதீர்' கதவைத் தாண்டிவிட்டோம்! ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் கவுன்ட்டரை இங்கே 'செட்' போட்டிருக்கிறார்கள். செட் என்றால், காயலான் கடைக் கண்ணாடி ஒன்று, பின்னால் ஒரு ஸ்டூல். ஆணியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டை தொங்குகிறது. ஃபேன் ஓடுகிறது, காற்றுதான் வரவில்லை.

ஸ்டூலில் 'அதிகாரி'யாக ஒரு மேடம், கையில் டீ. முதலில் ஒரு அம்மா வருகிறார். சுற்றுலா விசா.

"எதுக்குப் போறீங்க?"

"பொண்ணு மாசமா இருக்கா."

"எப்போ திரும்புவீங்க?"

"அவ எப்ப விடுறாளோ அப்பத்தான்!"

அறையே சிரிக்கிறது. மேடம் மட்டும் தலையில் கை வைத்துக்கொள்கிறார். விசா மறுக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தானாம். 1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், 214(பி) பிரிவு: வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டே அதிகாரி தொடங்க வேண்டும். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. வேலை, வீடு, கணவரின் கடை, ஊரில் காத்திருக்கும் கடமைகள் எல்லாம் அதற்குத்தான். "தமிழ்லயே பேசலாம்மா, தேதியைச் சொல்லுங்க, போதும்." அம்மா தேதியை முணுமுணுத்தபடி நகர்கிறார்.

அடுத்து ஒரு பையன், எம்.எஸ். படிக்கப் போகிறவன். ஃபைல் கல்யாண ஆல்பம் கனம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் தாத்தாவின் பட்டா வரை உள்ளே. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்றதும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். "நிறுத்து! முன்னாடி வந்தவனும் இதையேதான் சொன்னான்." நமக்கே சிரிப்பு வருகிறது. மனப்பாடப் பதிலை எழுதிக் கொடுத்ததும் இதே நிலையம்தான் என்பது வேறு கதை!

அவனிடம் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 சேர்க்கைப் படிவம் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டியாயிற்று. இனி அதிகாரி பார்ப்பது, படிக்கத்தான் போகிறானா, முதல் வருடச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, முடித்ததும் கிளம்பும் எண்ணம் உண்டா என்பதைத்தான். இருபத்திரண்டு வயதுப் பையனிடம் சொத்துப் பத்திரம் எதிர்பார்ப்பதில்லை. எல்லாம் இரண்டு மூன்று நிமிடப் பேச்சு. பல நேரம் ஃபைலைத் திறக்கவே சொல்வதில்லை. தாத்தாவின் பட்டா மறுபடி பைக்குள் போகிறது, பாவம்.

டீ இடைவேளையில் மேடம் இன்னொன்றும் சொன்னார். 214(பி)-யில் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் 185 டாலரையும் மறுபடி கட்டி. கவுன்ட்டருக்கு நாம் போகும் முன்பே டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் அதிகாரியின் திரையில் இருக்கும். ஏஜென்ட்தான் நிரப்பினார் என்றாலும் ஒப்பம் உங்களுடையது. நேர்காணலுக்கு முந்தின இரவாவது அதை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுப் போங்க.