கடல் நடுவே தீ எப்படிப் பிடிக்கிறது?

2021 ஜூலை 2 அதிகாலையில் மெக்சிகோ வளைகுடாவில் கடல் தீப்பிடித்து எரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் வட்டமாகத் தீ கொதித்துப் புரள, இரண்டு மூன்று படகுகள் சுற்றி நின்று அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. கடலிலேயே எரியும் தீக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று காணொளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். சிரிப்பில் பாதி நியாயம்தான்.

மெக்சிகோ அரசின் எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸின் கு-மலூப்-சாப் வயலில், ஒரு மேடையிலிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி, கடலடியில் கிடந்த 12 அங்குல எரிவாயுக் குழாய் கசிந்திருக்கிறது. அந்த நேரத்தில் இடியும் மழையும். கசிந்த வாயு மேலே வந்து பரவ, மின்னல் பட்டுத் தீப்பிடித்தது என்று நிறுவனம் விளக்கம் தந்தது.

தண்ணீருக்குள் தீ எரியாது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். குழாயிலிருந்து சீறி வரும் மீத்தேன் குமிழிகளுக்குள் அது இல்லை. குமிழிகள் மேலே வந்து உடைந்து காற்றோடு கலக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. காற்றில் மீத்தேன் சுமார் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். அதற்குக் குறைந்தாலும் எரியாது, கூடினாலும் எரியாது. அதனால்தான் தீ கடல்மட்டத்தில் நின்று ஆடியது, கீழே குழாயில் அல்ல.

படகுகள் அடித்த தண்ணீர் சுற்றியுள்ள வெப்பத்தைத் தணிக்கலாம், அணைக்காது. வீட்டில் சிலிண்டர் ரப்பர் குழாய் பற்றிக்கொண்டால் முதலில் ரெகுலேட்டரைத்தானே மூடுவோம்? அங்கும் அதேதான். வால்வுகளை அடைத்தார்கள், குழாய்க்குள் நைட்ரஜனைச் செலுத்தினார்கள். தீ அடங்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாருக்கும் காயமில்லை.

சரி, நம்ம பக்கம்? காரைக்காலில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. நரிமணம் பக்கத்து எரிவாயு தரைவழிக் குழாயில் வந்து, திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையத்தை ஓட்டுகிறது. கடலடிக் குழாய்க்குச் சற்று வடக்கே போக வேண்டும். கடலில் உள்ள பிஒய்-1 வயலில் 2009-ல் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். அது ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் கடலடிக் குழாயில் பயணித்து, திருக்கடையூரை அடுத்த பிள்ளைபெருமாநல்லூரில் கரையேறும்படி அமைத்தார்கள்.

இந்தக் கரை கண்ட விபத்து வேறு வகை. 2023 மார்ச் தொடக்கத்தில், காரைக்கால் எல்லையை ஒட்டிய நாகூர் பட்டினச்சேரியில் சிபிசிஎல் நிறுவனத்தின் குழாய் உடைந்து, கரையோரக் கடலில் கச்சா எண்ணெய் பரவியது. குழாயையே எடுத்துவிடுங்கள் என்று மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். எண்ணெய் கசிவும் வாயுக் கசிவும் ஒன்றல்ல. எண்ணெய் மிதந்து மெல்லிய படலமாகப் பரவிவிடும்; ஓரிரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத படலத்தைப் பற்றவைப்பதே சிரமம். ஆனால் அது போகாது. வலையில் ஒட்டும், மணலில் ஊறும், மீன் விலையைக் கெடுக்கும். வாயு சில மணி நேரத்தில் கலைந்துவிடும். அந்தச் சில மணி நேரம்தான் கொல்லும்.

2005 ஜூலை 27 அன்று மும்பைக் கடலில் உள்ள பாம்பே ஹை வயலில் அப்படித்தான் நடந்தது. விரலில் காயம்பட்ட சமையல்காரர் ஒருவரை மேடைக்கு ஏற்றிவிட நெருங்கிய கப்பல், அலையில் தள்ளப்பட்டு, கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் குழாயில் மோதியது. கசிந்த வாயு பற்றி, இரண்டு மணி நேரத்தில் மேடை முழுவதும் அழிந்தது. 22 பேர் இறந்தார்கள். கடற்குழாயில் மிகவும் பலவீனமான இடம் இந்த ஏறுகுழாய்தான். மேடையைச் சுற்றி 500 மீட்டருக்குள் வரக்கூடாது என்ற விதி மீனவர்களுக்கு எரிச்சலூட்டுகிறது. மேடைக்கடியில் மீன் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியுமே. ஆனால் அந்த விதி வீணானதல்ல.

மற்ற இடங்களில் குழாயைக் கெடுப்பவை நங்கூரம், இழுவலை, அரிப்பு. வெளியரிப்பைத் தடுக்க மேற்பூச்சும், தான் கரைந்து குழாயைக் காக்கும் துத்தநாக, அலுமினியக் கட்டிகளும் உண்டு. உள்ளரிப்புதான் கண்ணுக்குத் தெரியாது. ஈரமுள்ள வாயு எஃகை உள்ளிருந்து தின்னும். 2014 ஜூனில் ஆந்திராவின் ‘நகரம்’ என்ற கிராமத்தில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது தரைவழிக் குழாய்தான். ஈரமற்ற வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈர வாயு ஓடியது.

பெரிய உடைப்பு என்றால் குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கும், கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். சிறிய கசிவில் அழுத்தம் அவ்வளவாக அசையாது. அதை முதலில் பார்க்கப்போவது ஒரு ஃபைபர் படகுக்காரராகவும் இருக்கலாம். என் கணக்கில், எரிகிற கடலைவிட எரியாமல் கொதிக்கிற கடல்தான் மோசம். தீயைக் கண்டால் எவரும் விலகுவார். குமிழியைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்க்கத் தோன்றும். சமையல் வாயுவில் கலக்கும் நாற்றம் கடலடி வாயுவில் இருக்காது, மூக்கை நம்ப முடியாது. குமிழி பொங்கும் நீரில் படகுக்கு மிதப்பும் குறையும். என்ஜினின் ஒரு பொறியோ, ஒரு பீடியோ போதும்.

ஆகவே தூரத்தில் பார்த்ததுமே படகைத் திருப்பி, காற்று வரும் பக்கமாக விலக வேண்டும். கொண்டல் வீசினால் கிழக்கே, ஆழ்கடல் பக்கம். கரைப்பக்கம் வாயு வந்துசேரும். அடுப்பு, பீடி எல்லாவற்றையும் உடனே அணைத்துவிட வேண்டும். நன்றாக விலகிய பிறகு ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093 என்ற எண்களில் தகவல் சொல்ல வேண்டும்.