வரி பாக்கிக்கு வீடே விலையா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய சவுத்ஃபீல்டில் யூரி ரஃபேலி என்பவரின் நிறுவனம் வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கியிருந்தது. 2011ஆம் ஆண்டுச் சொத்து வரியில் பாக்கி விழுந்தது. பிறகு அதைக் கட்டியபோது வட்டிக் கணக்கில் 8 டாலர் 41 சென்ட் குறைந்துவிட்டது. மேலும் வட்டி, அபராதம், கட்டணம் என்று சேர்ந்து அந்தத் தொகை 285 டாலர் 81 சென்ட் ஆனது. 2014இல் ஓக்லாந்து கவுன்டி (மாவட்ட) நிர்வாகம் வீட்டை ஜப்தி செய்து 24,500 டாலருக்கு ஏலம் விட்டது. பாக்கியைக் கழித்த பிறகும் 24,000 டாலருக்கு மேல் மிச்சம் இருந்தது. அதில் ஒரு சென்ட்கூட உரிமையாளருக்குத் தரவில்லை. அன்றைய மாநிலச் சட்டம் அப்படித்தான் சொன்னது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், அமெரிக்காவில் பள்ளிக்கூடம், காவல், தீயணைப்பு, நூலகம் எல்லாம் பெருமளவு சொத்து வரியை நம்பி நடக்கின்றன. வரி வராவிட்டால் ஆசிரியர் சம்பளத்தில் கை வைக்க வேண்டிவரும். அதனால் வரி பாக்கிக்கு அந்த வீட்டின் மீது முதல் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. வீட்டுக் கடன் கொடுத்த வங்கிகூட அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

வங்கிகளுக்கு இது தெரியும். மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கித் தனிக் கணக்கில் வைத்து, அவையே நேராகக் கட்டிவிடுவது வழக்கம். கடன் இருக்கும்வரை பல வீட்டுக்காரர்களுக்கு வரி நோட்டீஸைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. ஆபத்து கடன் அடைந்த பிறகு தொடங்குகிறது. 30 வருடம் உழைத்துக் கடனை அடைத்தவர், கணவனை இழந்து தனியாக இருக்கும் மூதாட்டி, அப்பா வீட்டில் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றாமலே குடியிருக்கும் மகன் - நோட்டீஸ் கவனிப்பாரின்றிக் கிடப்பது இவர்கள் வீட்டில்தான். கடனாளியின் வீட்டை வங்கி காக்கிறது, கடனற்றவர் வீட்டைக் காக்க ஆளில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் உறுத்துவது.

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் டெக்சஸில் ஜனவரி 31க்குள் வரி கட்ட வேண்டும். பிப்ரவரி பிறந்ததும் 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறும். ஜூலையில் அபராதம் 12 சதவீதமாகி, வசூல் வழக்கறிஞரின் கட்டணமும் சேரலாம். குடியிருக்கும் வீடு ஏலம் போனால் மீட்க 2 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் ஏலம் எடுத்தவருக்கு முதல் வருடம் 25 சதவீதமும் இரண்டாம் வருடம் 50 சதவீதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பதில் பாக்கியை வசூலிக்கும் உரிமை ஏலம் போகிறது. வாங்கும் முதலீட்டாளர் 18 சதவீதம் வரை வட்டி வசூலிக்கலாம். 2 வருடத்துக்குப் பிறகு வீட்டின் மீதே நடவடிக்கை எடுக்கலாம்.

மிச்சப் பணம் யாருடையது என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது ஜெரால்டின் டைலரின் வழக்கு. மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் ஓர் அடுக்குமாடி வீட்டின் உரிமையாளர் அவர். 2010இல் பாதுகாப்பை எண்ணி முதியோர் குடியிருப்புக்குப் போனார். பழைய வீட்டு வரி அப்படியே நின்றுபோனது. 2015இல் வரி மட்டும் சுமார் 2,300 டாலர், வட்டியும் அபராதமும் சுமார் 13,000 டாலர். ஹெனபின் கவுன்டி வீட்டை 40,000 டாலருக்கு விற்றது. பாக்கி போக மிஞ்சிய 25,000 டாலரைக் கவுன்டியும் நகராட்சியும் பள்ளி நிர்வாகமும் பங்கு போட்டுக்கொண்டன.

அந்த வீட்டின் மீது அடமானக் கடன் இருந்ததே, அவருக்கு என்ன நஷ்டம் என்று கவுன்டி வாதாடியது. மிச்சம் கைக்கு வந்திருந்தால் அந்தக் கடனையாவது குறைத்திருப்பாரே என்றது நீதிமன்றம். கடனுக்கு ஈடான சொத்தை மட்டுமே எடுக்கலாம் என்ற கொள்கை 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டாவிலேயே இருப்பதைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். வங்கி ஜப்தி செய்து விற்றால் மிச்சத்தைத் திருப்பித் தரச் சொல்லும் அதே மினசோட்டா சட்டம், அரசுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தது. 2023 மே 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து டைலர் பக்கம் நின்றார்கள். அப்போது அவருக்கு வயது 94.

வரியை வசூலிக்கும் அரசின் உரிமை அப்படியே இருக்கிறது. வீடு இப்போதும் ஏலம் போகும். மிச்சமும் தானாக வீடு தேடி வருவதில்லை. ரஃபேலி வழக்கில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2020இலேயே உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு வந்த மாநிலச் சட்டப்படி, ஜப்தியான ஆண்டின் ஜூலை 1க்குள் மிச்சத்தைக் கோரும் படிவத்தைக் கொடுக்காதவருக்கு அது கிடைக்காது. நோட்டீஸைக் கவனிக்காததால் வீட்டையே இழந்தவரிடம் இன்னொரு படிவத்தைக் கேட்பது நியாயமாகப் படவில்லை. டெட்ராய்டில் ஏழைகளுக்கான வரி விலக்கு சட்டத்தில் இருந்தும், விண்ணப்பிக்காததால் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் பலர்.

பிள்ளைகளோ பெற்றோரோ அமெரிக்காவில் வீடு வைத்திருந்தால், கவுன்டி பதிவேட்டில் உள்ள முகவரி சரியா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வீடு மாறும்போது பலரும் மறப்பது அதைத்தான். பாக்கி விழுந்துவிட்டாலும் பல கவுன்டிகளில் தவணையில் கட்ட முடியும். முதியோருக்குச் சலுகையும் இருக்கும். ஏலத் தேதி குறிப்பதற்கு முன்பே அலுவலகத்தை அணுக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் எழுந்திருக்கிறது. மிச்சிகனில் சுமார் 2,200 டாலர் பாக்கிக்காக ஜப்தியான பங் குடும்பத்தின் வீடு, 1,94,400 டாலர் மதிப்புள்ளதாகக் கணிக்கப்பட்டிருந்தும் ஏலத்தில் 76,008 டாலருக்குத்தான் போனது. மிச்சத்தை எந்த விலையிலிருந்து கணக்கிட வேண்டும், ஏலத்தில் கிடைத்ததிலிருந்தா, வீட்டின் சந்தை மதிப்பிலிருந்தா? இந்த வழக்கை 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.