கற்களிடையே பூக்கும் நித்தியகல்யாணி

வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கிப் பாறைத் தோட்டம் அமைக்க விரும்புவோர், அதற்கென விலையுயர்ந்த செடிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாம் நன்கறிந்த நித்தியகல்யாணியே போதுமானது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை இந்தியில் 'சதாபஹார்' என்றும் வங்காளத்தில் 'நயன்தாரா' என்றும் அழைக்கின்றனர். ஓர் அடிக்குள் அடங்கும் குட்டை வகைகளே பாறைத் தோட்டத்திற்கு ஏற்றவை.

இச்செடி மடிவதற்குப் பெரும்பாலும் காரணம் வறட்சியன்று, நீர் மிகுதியே. எனவே தொடக்கத்திலேயே வடிகாலைச் சீராக அமைத்தல் வேண்டும். அரையடி ஆழம் தோண்டி, உடைந்த செங்கற்களைப் பரப்புக. அதன்மேல் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு கலந்து மேடாகக் குவிக்கவும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுள் புதைந்திருந்தால் மழையில் உருளாது. நாள்தோறும் 6 மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருத்தல் நலம்.

விதைகள் இருளில்தான் நன்கு முளைக்கும். ஆதலால் மெல்லிய மண்படலத்தால் மூடுக. நாற்றுகளை ஓர் அடி இடைவெளியில் நட்டு, நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிச் செடி தாழ்வாகப் படரும். வாடிய மலர்கள் தாமே உதிர்ந்துவிடும்.

நண்பகலில் இலைகள் சுருண்டு, மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டா. வெயிலைத் தாங்கச் செடி மேற்கொள்ளும் வழி அது. மண் ஈரமாக இருந்தும் மாலையில் செடி துவண்டே கிடந்தால், அது வேரழுகலின் அறிகுறி. அப்போது மேலும் நீர் ஊற்றுவது செடியைக் கொல்வதற்கு ஒப்பாகும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுக.

வெப்பமான பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியும் பூக்கும். உறைபனி விழும் வட மாநிலங்களில் செடி கருகிவிடுமாதலால், காய்கள் மஞ்சளாகி வெடிக்கும் முன்னர் விதைகளைச் சேகரித்து, குளிர் நீங்கியதும் விதைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இச்செடியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. அம்மருந்தை மிக நுண்ணிய அளவில், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செலுத்துவர். செடியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை. நீரிழிவு தணியும் என நம்பி இலைகளை மெல்லுவதைத் தவிர்த்தல் வேண்டும். சிறு குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் இதனை வளர்ப்பதே அறிவுடைமை.