கணிதப் பட்டமும் அதன் வழிகளும்

வருஷந்தோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியானவுடன் நம் வீடுகளில் ஒரு விசாரணை நடைபெறுகிறது. மகனோ மகளோ கலாசாலையில் கணிதம் பயில விரும்புவதாகச் சொன்னால், "அதைப் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று தகப்பனார் கேட்கிறார். அக்கேள்வியை நாம் இகழமாட்டோம். கடன்பட்டுப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அதைக் கேட்கப் பூரண பாத்தியதை உண்டு. ஆனால் அதற்கு வழங்கிவரும் பதில்கள் இரண்டும் பிழையானவை என்பதே நமது அபிப்பிராயம். வாத்தியார் வேலையன்றி வேறு கதியில்லை என்பர் ஒரு சாரார். கணிதம் கற்றவனுக்குச் சகல வாயில்களும் தாமே திறக்கும் என்பர் மற்றொரு சாரார்.

முதற் கட்சியாருக்குச் சரித்திரமே விடை கூறும். 1892-ல் பிறந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்று, மாநிலக் கல்லூரியில் அதையே போதித்துவந்தார். 1924-ல் சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலைக்கு முதல் நூலகராக நியமனம் பெற்றார். குவிந்து கிடந்த நூல்களில் ஓர் ஒழுங்கைத் தேடிய அவர், 1931-ல் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளையும், 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். நூலக சாஸ்திரம் இந்நாட்டில் வேரூன்றியது ஒரு கணித ஆசிரியரால் என்பதை எத்தனை பேர் அறிவர்? மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்று 1959-ல் தேறிய எஸ். ஆர். எஸ். வரதன், கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கிருந்து நியூயார்க்கை அடைந்தார். 2007-ல் ஏபெல் பரிசு பெற்றார்.

பயனற்ற வித்தை என்ற பழியும் நில்லாது. எண்களின் சாஸ்திரத்தால் யுத்தத்துக்கு யாதொரு உபயோகமும் கண்டறியப்படவில்லை என்று ஹார்டி என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1940-ல் பெருமிதத்துடன் எழுதினார். அவர் எழுதி நாற்பது வருஷங்கள் ஆகுமுன், 1977-ல், பெரிய பகா எண்களைக் கொண்டு செய்தியை மறைக்கும் முறையை மூவர் கண்டனர். கம்ப்யூட்டர் வழியாகச் செல்லும் இரகசியங்களைக் காப்பதற்கு அம்முறை பயன்பட்டு வந்திருக்கிறது.

இனி, மற்றக் கட்சியாருக்கும் ஒரு வார்த்தை. பட்டம் மாத்திரம் எவ்வாயிலையும் திறப்பதில்லை. பள்ளி ஆசிரியராவதற்குப் பி.எட். வேண்டும், கலாசாலையில் போதிப்பதற்கு எம்.எஸ்ஸி.யும், நெட் அல்லது செட் போன்ற தகுதிப் பரீட்சையும் வேண்டும். இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளில் ஜனன மரணக் கணக்கை ஆராய்ந்து பிரீமியத்தை நிர்ணயிக்கும் ஆக்சுவரி என்பாருக்கு மதிப்பும் ஊதியமும் மிகுதி. ஆயின் அப்பதவிக்கு வருஷக்கணக்கில் பல பரீட்சைகளை எழுதித் தேறவேண்டும். கம்ப்யூட்டர் துறைக்குச் செல்ல விரும்புவோன் நிரல் எழுதிப் பழகியிருக்கவேண்டும். ஒவ்வொரு வழியிலும் கணிதத்துடன் இன்னொன்றைச் சேர்த்தாகவேண்டும். அது யாதென்பதை உரிய காலத்தில் அறிந்தாகவேண்டும்.

குறை இருப்பது இங்கேதான். ஐ.ஐ.டி. நிறுவனங்களில் எம்.எஸ்ஸி. படிப்பதற்குரிய ஜாம் என்னும் பரீட்சை பிப்ரவரியில் நடைபெறுகிறது. அதற்கு மனுச் செய்யவேண்டிய காலமோ அதற்கு முந்திய செப்டம்பர், அக்டோபர் மாதங்கள். மூன்றாம் வருஷத்துப் பரீட்சையை எழுதிவிட்டு "இனி என்ன?" என்று கேட்கும் மாணாக்கனுக்கு அவ்வாயில் அவ்வருஷத்தில் அடைபட்டுப் போயிற்று. சென்னையை அடுத்த சிறுசேரியிலே கணிதத்துக்கென்றே 1989-ல் தோன்றிய ஒரு நிறுவனம் நடைபெற்று வருவதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னும் கேள்விப்படாத கிராமத்துப் பிள்ளைகள் அநேகர். அறிவில் குறைந்தவர்களா அவர்கள்? அல்லர். சொல்வாரின்றி இருப்பவர்கள்.

சொல்வார் ஒருவர் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இராமாநுஜனைக் காட்டிலும் சான்று வேண்டியதில்லை. எப்.ஏ. பரீட்சையில் தவறி, பட்டமின்றி, குமாஸ்தா வேலை தேடி அலைந்த அவர், திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் தம் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். ஐயர் 1907-ல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவற்றின் அருமையை உணர்ந்து, சென்னையிலிருந்த தம் நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1912-ல் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தவருக்கு, மறு வருஷமே சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. 1918-ல் இராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. மேதை அவருடையது, வழியைக் காட்டியவர்கள் பிறர்.

கலாசாலைகளின் கடமையையும் கூறாதிருக்க முடியாது. நியாயஸ்தலத்தில் இரு கட்சிச் சாட்சியங்களையும் நிறுத்து, எது நம்பத்தக்கது என்று தீர்மானிக்கிறோம். கணிதமோ ஐயத்துக்கு அணுவளவும் இடம் தராத நிரூபணத்தைக் கேட்கிறது. அந்தப் பழக்கமே இப்படிப்பின் சொத்து. நிரூபணத்தைக் குறிப்பேட்டிலிருந்து நெட்டுருச் செய்து ஒப்பிப்பவனுக்குப் பட்டம் கிடைக்கலாம், சொத்துக் கிடையாது. கேள்வித்தாளை வருஷத்துக்கு வருஷம் மாற்றாமல் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

பொது ஊழியம் செய்யும் நமது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்தோறும் வாசகசாலை வைத்திருக்கிறீர்கள். கணிதம் பயில்வோருக்குரிய பரீட்சைகள், உபகாரச் சம்பளங்கள், அவற்றுக்கு மனுச் செய்யவேண்டிய தேதிகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, ஆடி மாதத்துக்குள் அதன் சுவரில் ஒட்டிவையுங்கள். முதல் வருஷத்து மாணாக்கர்களைக் கூட்டி அதைப் படித்துக் காட்டுங்கள். இதற்குப் பெருநிதி வேண்டாம். ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் போதும். தகப்பனாரின் கேள்விக்கு ஊரார் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் அதுவே.