உங்களுக்குத் தெரியுமா? மேலுறையை மாற்றிக்கொண்ட காலரா கிருமி
1992 இறுதியில் சென்னை, மதுரை எனத் தமிழகத்தில் பரவிய காலராவுக்குக் காரணம், அதுவரை அறியப்படாத ‘ஓ139’ என்ற புது வகைக் கிருமி. பழைய ‘ஓ1’ வகை, தன் மேலுறையைத் தீர்மானிக்கும் மரபணுக்களுக்குப் பதிலாக வேறொரு கிருமியின் மரபணுக்களைப் பெற்றதால் உருவானது இது. அதனால் பழைய காலராவுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் தாக்கியது.

இந்த மாற்றம் எப்படி நடக்க முடியும்? நண்டு, இறால் ஓட்டிலுள்ள கைட்டினில் ஒட்டி வளரும்போது, காலரா கிருமி மெல்லிய இழையை வெளியே நீட்டுகிறது. இறந்த பாக்டீரியாக்கள் நீரில் விட்டுச்சென்ற டி.என்.ஏ.வைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. ஈரிழை டி.என்.ஏ.வில் ஓரிழை மட்டும் செல்லுக்குள் நுழைந்து, அதன் மரபணுத் தொகுதியில் இணைகிறது. இதே வழியில் ‘ஓ1’ கிருமி ‘ஓ139’ ஆக மாறுவதை 2007-இல் ஆய்வகத்தில் நிரூபித்தார்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். எந்த வகைக் காலரா கிருமியும் அதில் பிழைக்காது.